குளிர்பதனக் கிடங்குக்கு ஒரு மெக்கானிக்

அன்புள்ள சின்னவனுக்கு, அம்மா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

முதலில் நல்ல சேதிகள். உன் அண்ணன் மகன் லாரி லைசென்ஸை முதல் தடவையிலேயே வாங்கிவிட்டான், அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் ஹாரன் அடித்துக்கொண்டு திரிகிறான். உன் பெண்டாட்டி, குளிர்பதனக் கிடங்கில் பழம் பிரித்துக்கொண்டிருந்தவள், இப்போது அந்தப் பகுதிக்கே மேற்பார்வை. உன் மகள், நம் குட்டி வக்கீல், பேச்சுப் போட்டியில் முதல் பரிசு, வீட்டில் தினமும் அதுதானே நடக்கிறது. உன் அக்கா மகளுக்கு வேலைவாய்ப்புக் கணக்கெடுக்கிற ஆபீசில் வேலை கிடைத்துவிட்டது, பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி, போன வருஷம் எத்தனை பேர், இந்த வருஷம் எத்தனை பேர் என்று கேட்கிறாள்.

போன ஞாயிறு அவள் வேலைக் கணக்கைக் கோடாக வரைந்த ஒரு தாளைக் காட்டினாள். நீ இருக்கிற பெருநகரத்துக்கு ஒரு கோடு, அதைச் சுற்றியுள்ள நம்மைப் போன்ற ஊர்களுக்கு ஒரு கோடு. நகரத்துக் கோடு உச்சியில் இருந்தது, பாத்தியா, என் மகன் இருக்கிற ஊரு என்று நான் பெருமை அடித்துக்கொண்டேன். அதற்கு அவள், உயரத்தப் பாக்காதீங்க பாட்டி, ஏறுறதப் பாருங்க, அங்க நூத்துக்கு ரெண்டு வேலைதான் கூடியிருக்கு, இங்க நூத்துக்கு ஆறு என்றாள். அஞ்சாவதோடு நின்ற எனக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை. கதவு நிலையில் பிள்ளைகளை நிறுத்திக் கிழிக்கிற கோட்டைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அண்ணன் மகன் நெட்டைதான், ஆனால் ஒரு வருஷமாக அங்கேயே நிற்கிறான். குட்டி வக்கீலுக்கோ போன வருஷத்து உடுப்பு முட்டிக்கு மேல் ஏறிவிட்டது. அப்போது உன் பெண்டாட்டி, மொத்தத்துல வேலை அங்கதான் அதிகம் அத்தை, அதைத் தேடி வர்ற ஆளும் அங்கதான் அதிகம் என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். உன்னை வா என்று அவள் வாயைத் திறக்க மாட்டாள், உன் பிழைப்பைக் கெடுத்தவள் என்ற பேர் வரக்கூடாதாம். அதனால் நான் சொல்கிறேன், வந்துவிடு.

போன தடவை, இங்க வந்து ஈ ஓட்டவா என்று கேட்டாயே. கிடங்கில் புதிதாகக் குளிர் அறைகள் கட்டியிருக்கிறார்கள், மெக்கானிக் இல்லாமல் திண்டாடுகிறார்கள். நானே போய் மேனேஜரைப் பார்த்தேன். உங்க மகனுக்கு வேலை தெரியுமாம்மா என்றார். கம்ப்ரசர் சத்தத்தக் கேட்டே கோளாறு சொல்லுவான், அம்மா சொல்றது மட்டும் காதுல விழாது என்றேன். சிரித்துவிட்டு, மாசக் கடைசிக்குள்ள மனுப் போடச் சொல்லுங்க, ஒரு நாள் வேலை செஞ்சு காட்டட்டும் என்றார். நிச்சயம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். மனுவை அக்கா மகள் நிரப்பி வைத்துவிட்டாள், உன் கையெழுத்துதான் பாக்கி. இஷ்டமில்லை என்றால் எழுதிவிடு, கோபப்பட மாட்டேன், கொஞ்ச நாள் பேசாமல் இருப்பேன், அவ்வளவுதான்.

எங்கே வேலை பார்த்தாலும் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கி, கை கால் சுகத்தோடு நூறு வயசு இரு. கரண்டை அணைக்காமல் மெஷினில் கை வைக்காதே. மனுவில் ஒட்ட வீட்டில் இருந்த உன் படத்தைக் கொண்டுபோனேன், மேனேஜர் இது உங்க பேரனா என்கிறார், அதில் உனக்கு அவ்வளவு முடி. ஆகவே புதுப் படம் ஒன்று எடுத்து உடனே தபாலில் அனுப்பு. எடுக்க நேரமில்லை என்றால் அந்த முகத்தையே கொண்டுவந்து காட்டு.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்திருக்கும் உன் அம்மா