மேற்குப் பக்கம் சுடுது

அப்பா,

இன்று எங்கள் ஆய்வகத்தில் மேசை துடைக்க ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் துணி வந்து இறங்கியது. கட்டை அவிழ்த்ததும் திருப்பூர் நல்லூரில் நம் பனியன் கம்பெனியின் வாசனை முகத்தில் அடித்தது, புதுத் துணியும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை. அப்புறம் ஒரு வேலையும் ஓடவில்லை. உங்களிடம் சொல்ல ஒன்று பாக்கி இருக்கிறது.

கம்பெனி மொட்டை மாடியில் நான் கொண்டுவந்து வைத்த பெட்டி நினைவிருக்கிறதா? காற்றிலுள்ள ஈரம் தானாக விடும் நுண்ணலைகளை அளக்கும் கருவி ஒன்று செயற்கைக்கோளில் இருக்கிறது. அது சொல்வது சரியா என்று கீழிருந்து பார்க்க அதே மாதிரி இன்னொன்று. "ரெண்டு தராசப் பக்கத்துல வெச்சுப் பாக்கற மாதிரிங்களா கண்ணு?" என்றீர்கள். அதேதான். நம் பெட்டி தன் வயிற்றுக்குள் ஒரு கறுப்புத் தகட்டை வைத்திருக்கும். அந்தத் தகட்டின் சூட்டை அளவுகோலாக வைத்துத்தான் வானத்தை அளக்கும். தகட்டின் சூட்டைத் தப்பாகப் படித்தால் எல்லாம் தப்பு.

செயற்கைக்கோள் நம் ஊரைத் தாண்டுவது மதியம். அந்த நேரத்தில் பெட்டி வெயிலில் வேகிறதே என்று உங்களுக்குக் கவலை. நிட்டிங் மெஷின் மேல் உள்ளங்கையை வைத்தே எந்த பேரிங் சூடாகிறது என்று சொல்கிறவர் நீங்கள். மூன்று மாதம் கழித்து லீவில் வந்து மாடி ஏறினால், பெட்டியின் மேற்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறத் துணி கயிறு போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் மதியம் கட்டுவீர்களாம், சாயங்காலம் அவிழ்ப்பீர்களாம்.

எனக்கு வந்ததே கோபம். கட்டிங் மாஸ்டரும் டைலர் பெண்களும் மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே கத்தினேன். "தெரியாத விஷயத்துல ஏனுங்கப்பா கைய வெக்கறீங்க? இதென்ன உங்க பனியன் மெஷினா? மூணு மாசத்து அளவு பூராக் குப்பைக்குத்தான் போகோணும்."

"இல்லீங் கண்ணு, மேக்குப் பக்கம் சுடுது, கெழக்குப் பக்கம் சில்லுனு கெடக்குது. ஒரே பொட்டி இப்படி இருக்கப்படாதுன்னுதான்..."

முடிக்க விடவில்லை நான். துணியை அவிழ்த்து, நாலாக மடித்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனீர்கள். அதன்பிறகு போனில் சாப்பிட்டாயா, அங்கே மழை உண்டா என்பதோடு சரி. பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் இறந்துபோனீர்கள்.

காரியம் முடிந்து திரும்பியதும் இரண்டு கருவிகளின் அளவுகளையும் ஒப்பிட்டேன். நீங்கள் துணி கட்டிய மூன்று மாதமும் வரைபடத்தில் இரண்டின் கோடுகளும் ஒட்டியே போகின்றன. நான் கத்திய மறுநாளிலிருந்து மதியம் ஆனால் விலகுகின்றன. சூட்டைப் படிக்கும் வெப்பமானி தகட்டின் கிழக்கு ஓரத்தில் இருந்தது. வெயில் காய்ச்சியது மேற்கு ஓரத்தை. நீங்கள் உள்ளங்கையால் கண்டுபிடித்துச் சொன்னது அதைத்தான். இத்தனை படித்த மண்டைக்கு அது உறைக்கவில்லை.

அதோடு போயிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். விலகிய நாட்களுக்கு நடுவே ஒரே ஒரு நாள் மட்டும் கோடுகள் மறுபடி ஒட்டிக்கொள்கின்றன. மேகம் வெயிலை மறைத்திருக்குமோ என்று அன்றைய செயற்கைக்கோள் படத்தை எடுத்துப் பார்த்தேன். திருப்பூர் மேல் பொட்டு மேகம்கூட இல்லை. பிறகுதான் தேதியைக் கவனித்தேன். நீங்கள் இறந்த நாள்.

அம்மாவுக்குப் போன் செய்து, அன்று மதியம் நீங்கள் மாடிக்குப் போனீர்களா என்று கேட்டேன். "வெயில்ல எதுக்குங்க மாடிக்குன்னேன். ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்னாங்க. ஒரு மணி நேரங் கழிச்சுத் துணியத் தோள்ல போட்டுட்டு எறங்கி வந்தாங்க. நெஞ்சு என்னமோ பண்ணுதுன்னு படுத்தவங்கதான் கண்ணு" என்றார்.

கயிறு கட்டினால் நான் கத்துவேன் என்று, அந்த ஒரு மணி நேரமும் துணியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றீர்களா அப்பா? அம்மாவிடம் இந்தக் கோடுகளைப் பற்றி நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நம்பத்தகுந்த நாட்களின் பட்டியலில் அந்த நாளையும் சேர்த்துவிட்டேன். பட்டியலில் காரணம் எழுதும் கட்டத்தில் 'நிழல்' என்று மட்டும் எழுதினேன்.

மதியம் ஆனால் நீங்கள் படி ஏறும் சத்தம் எனக்குக் கேட்கிறது. "ஏறாதீங்கப்பா" என்று வாய்விட்டே சொல்லிவிடுகிறேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கிறார். நான் சொன்னால் கேட்கிறவர்தான் நீங்கள். அந்த ஒரு நாள் மட்டும் கேட்காமல் போய்விட்டீர்கள்.