மேல போனா போதாது

வியாழன், ராத்திரி.

நாலு வருஷம் நானும் வேலை பார்த்த செயற்கைக்கோள் இன்னிக்குக் காலையில கிளம்புச்சு. லீவு போட்டு திண்டுக்கல் வந்து, வீட்டு டிவியில பார்த்தேன். ராக்கெட் மேகத்துக்குள்ள மறைஞ்சதுமே அத்தா எந்திரிச்சுட்டாங்க. "என் மக செஞ்சது மேல போயிருச்சுல்ல, அல்ஹம்துலில்லாஹ்!" தெருவுக்கே ஆக்கி வச்சிருந்த பிரியாணி அண்டாவைத் திறந்துட்டாங்க.

மேல போனா மட்டும் போதாது. அங்க போயி பக்கவாட்டுல வினாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல ஓடணும். அந்த வேகம் இருந்தாத்தான், விழுந்துகிட்டே இருந்தாலும் தரையைத் தொடாம பூமியைச் சுத்தும். அப்பவே சொல்லியிருக்கணும். அம்புட்டு சந்தோஷத்துல இருந்த மனுஷன்கிட்ட வாய் வரல.

மதியம் ஆபீஸ்ல இருந்து போன். கடைசி எஞ்சின் முன்னாடியே நின்னுருச்சாம், வேகம் பத்தலையாம். ஒவ்வொரு சுத்துலயும் காத்துல உரசி இறங்குது. ரெண்டு நாள் தாங்காது.

போனை வச்சிட்டு வந்தா, அத்தா அண்டாவை வழிச்சுக் கடைசித் தட்டு போட்டுட்டு இருந்தாங்க. "ஏம்மா, நம்ம மாடியில நின்னா அது தெரியுமா?"

"தெரியாதுத்தா"ன்னு மட்டும் சொன்னேன்.

அவங்க நம்பல. சாயங்காலம் மாடியைக் கூட்டி ரெண்டு நாற்காலி போட்டுட்டாங்க. எனக்கும் ஒண்ணு.

எரிஞ்சு விழும்போது வேணா தெரியலாம்.