பம்பு யாருடையது?

ஜூலை 14

அன்புள்ள பொடிக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பாய். நெட்டைதான். உன் வீட்டு முகவரி தெரியாததால் அப்பாவின் சைக்கிள் கடைக்கே போடுகிறேன். அப்பா நலமா? எனக்கு இரண்டு மகள்கள். பெரியவளுக்கு என் உயரம், வாய் அதைவிட நீளம். நான் ஒரு பள்ளியில் இயற்பியல் டீச்சர். சிரிக்காதே.

போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு நாலு பேராகச் சேர்ந்து, ரப்பர் பேண்டில் ஓடும் வண்டி செய்தார்கள். முடிந்ததும், குழுவில் நான் என்ன செய்தேன், எதில் தவறினேன் என்று ஆளுக்கொரு பக்கம் எழுதச் சொன்னேன். ஒருத்தி எழுந்து, நீங்கள் படிக்கும்போது இப்படி ஏதும் செய்யவில்லையா, நீங்களும் ஒரு பக்கம் எழுதுங்களேன் என்றாள். வகுப்பே அதைப் பிடித்துக்கொண்டது. நானும் உட்கார்ந்தேன். ‘பத்தாம் வகுப்பில் தண்ணீர் ராக்கெட் செய்தோம்’ என்பதற்கு மேல் பேனா நகரவில்லை.

அந்தப் பக்கத்தை உனக்குத்தான் எழுத வேண்டும். அன்று நீ பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, கார்க்கைச் செருகி, கவிழ்த்து நிறுத்தினாய். சின்ன வகுப்புப் பிள்ளைகளைச் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் தள்ளப் போனாய். அந்த நேரத்தில் கார்க்கைத் திருகி இறுக்கியது நான். அடுத்த குழுவின் ராக்கெட் மாமரத்தைத் தாண்டியிருந்தது. நம்முடையது அதைவிட மேலே போகவேண்டும் என்ற வெறி. நீ வந்து உன் கடைப் பம்பால் பதினைந்து தடவை காற்றடித்தாய். கிளம்பவில்லை. என்ன ஆயிற்று என்று லேப் அண்ணன் குனிந்தார். அப்போது கிளம்பியது. அவருடைய வலது கண் போயிற்று.

ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்ட ஒரே கேள்வி, “பம்பு யாருது?” என்பதுதான். “என்னுது மேடம்” என்று நீ சொன்னாய். என் கை கார்க்கில் இருந்ததை நீ பார்த்தாய், பொடி. கோட்டிலிருந்து திரும்பி வரும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாயே. பார்த்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த நன்றியை நான் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

என்றும் உன்,
நெட்டை


ஜூலை 22

நெட்டைக்கு,

கிரீஸ் கையோடு பிரித்ததில் உன் கடிதத்தின் ஓரமெல்லாம் கறுப்பு. அப்பாவுக்குக் காது மந்தம், மற்றபடி நலம். கடை இப்போது என் பொறுப்பு. இரண்டு பக்கமும் சுவர், தலைக்கு மேல் டயர். பொடியாக இருப்பதால் பிழைத்தேன், நீயாக இருந்தால் நாளுக்கு நாலு தடவை மண்டை வீங்கும்.

நீ நினைப்பது தப்பு. நான் எதையும் பார்க்கவில்லை. ஒரு வாண்டு கோட்டில் தடுக்கி விழுந்தது, அதற்குச் சிரித்தேன். கார்க்கை நான்தான் கூடுதலாக அழுத்திவிட்டேன் என்று நினைத்திருந்தேன். நேற்று வரைக்கும். இருபத்து நாலு வருஷம்டி. இன்றைக்கும் ஒரு நட்டை முடுக்கினால் இரண்டு தடவை தளர்த்திப் பார்த்துவிட்டுத்தான் விடுவேன். இவளிடம் விட்டால் பொழுது சாய்ந்துவிடும் என்று வருகிறவர்கள் கேலி செய்வார்கள்.

அன்று அப்பா சொன்னது உனக்குத் தெரியாது. “அடுத்தவன் கண்ணைப் பறிச்ச கை பேனா பிடிக்க வேண்டாம்.” அத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பெண் பார்க்க இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். மறைக்கக் கூடாது என்று அப்பாவே முதலில் இந்தக் கதையைச் சொன்னார். யாரும் திரும்பி வரவில்லை. லேப் அண்ணன் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். அவர் காற்றடிக்க வரும்போதெல்லாம் அப்பா என்னைப் பின்பக்கம் போகச் சொல்வார். அவர் போகிற வரைக்கும் டியூப் மூட்டைகளுக்கு நடுவே நிற்பேன்.

நீ ஒரு தடவை வா. அப்பாவிடம் உன் வாயால் சொல். நான் சொன்னால், பழியைத் தள்ளிவிடப் பார்க்கிறேன் என்பார்.

பொடி


ஆகஸ்ட் 3

என் அன்புப் பொடிக்கு,

ஆசிரியர் அறையில் வைத்துப் படித்தேன். மணி அடித்த பிறகும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். என்னோடு சேர்ந்து நீயும் ஒரு ரகசியத்தைச் சுமக்கிறாய் என்று இத்தனை வருஷம் ஆறுதலாக இருந்தேன். நீ சுமந்தது என் பாரத்தையே என்று தெரியாமல் போயிற்று.

வருகிறேன், நிச்சயம் வருகிறேன். இந்த மாதம் துணைத் தலைமையாசிரியர் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. வீட்டில் அவருக்கு இது எதுவும் தெரியாது, என்ன சொல்லிக் கிளம்புவது என்றும் புரியவில்லை. காலாண்டுத் தேர்வு முடியட்டும். அதுவரை இந்தக் கடிதத்தை அப்பாவிடம் காட்டு: கார்க்கை இறுக்கியது நான். உங்கள் மகள் அல்ல. தாளின் பின்பக்கம் முழுப் பெயரில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

உன்னிடம் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பிள்ளைகளுக்காக ஒரு பக்கம் எழுதி வகுப்பில் படித்தேன். ராக்கெட் மரத்தைத் தாண்டிப் போனதாக எழுதியிருந்தேன். கைதட்டினார்கள்.

கோபிக்காதே,
நெட்டை


ஆகஸ்ட் 19

நெட்டைக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். காது கேட்காததால் கத்திப் படித்தேன், தெருவே கேட்டிருக்கும். மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். “அப்போ நான் எதுக்கு உன்னை நிறுத்தினேன்?” என்றார்.

அன்றிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார், என் முகத்தைப் பார்ப்பதில்லை. இத்தனை நாள் நான் ஒருத்தி அந்தப் பழிக்குள் கிடந்தேன். இப்போது அவரும் வந்து உட்கார்ந்துவிட்டார்.

காற்றடிக்க வந்த லேப் அண்ணனிடம் அப்பாவே சொன்னார். குனிந்தது நான்தானே, அன்றைக்கே சொன்னேனே, யார் கேட்டீர்கள் என்றாராம் அவர். அப்பா என்னை முன்னால் வரச்சொல்லிக் கூப்பிட்டார். போயிருக்கலாம். அவர் சைக்கிள் தெருமுனை தாண்டும் வரைக்கும் டியூப் மூட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

தேர்வு முடிந்து வருவதாக எழுதியிருந்தாய். வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. நீ வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பா ஸ்டூலைத் துடைத்துப் போடுவார். என்னை டீ வாங்கி வரச் சொல்வார். நீ அழுவாய். “சின்ன வயசுல தெரியாம செஞ்சதும்மா, விடு” என்று உன் தலையைத் தொடுவார். மனசாரத்தான் சொல்வார், அவர் அப்படிப்பட்ட மனுஷர்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் பதினைந்து வயசிலிருந்து இந்தக் கடையில் நிற்கிறேன். அதை அவர் உனக்குக் கொடுப்பதை, கையில் டீயோடு நின்று பார்க்க என்னால் ஆகாது.

பொடி