கண்ணை மூடிய வெல்டர்

அன்பான அம்மாவுக்கு ஸ்தோத்திரம். முழங்கால் வலி குறைந்ததா? உட்கார்ந்தே ஜெபியுங்கள், கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார். நான் சுகம்.

போனில் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன். வெல்டர் தேர்வில் முகக்கவசத்துக்குள் பழக்கதோஷத்தில் கண்ணை மூடி ஜெபித்துவிட்டேன். பற்றவைக்கக் கொடுத்த குழாய் ஓட்டையாகிவிட்டது, தேர்வில் தோற்றேன். தேர்வு வைத்தவர், "ஜெபம் பண்றதுன்னா வெல்டிங் டார்ச்சைக் கீழ வச்சிட்டுப் பண்ணுப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

உடம்பு அலுத்துவிட்டது, ஹெல்பராகவே இருந்துவிடலாம் போலிருக்கிறது. ஆனாலும் சொந்தப் பட்டறை ஆசையைத் தந்தவர் கர்த்தர் என்று நம்பி மறுபடியும் பெயர் கொடுத்திருக்கிறேன். பயம் போகவில்லை, அதையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன்.

நான் தேறிவிட்டதாகச் சபையில் அவசரப்பட்டுச் சாட்சி சொல்லிவிடாதீர்கள். நீங்கள் ஜெபிப்பதைப் போனில் பதிந்து அனுப்புங்கள், என் பெயர் வருகிற இடம் மட்டும் போதும்.

வேலைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. தேர்வு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. நான் கண்ணைத் திறந்தே வைத்திருப்பேன். எனக்காக நீங்கள் மூடிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்