நைலான் புடவையும் காய்ந்த திரியும்

போன வாரம் உன் மகள் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். உன் முப்பதாம் நாள் பூசை அதற்கு முந்தைய நாள்தான் முடிந்திருந்தது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்த அறையில் உன் பீரோவைத் திறந்து ஒரு புடவையை எடுத்து, "அம்மா இத உங்களுக்குக் குடுக்கச் சொன்னாங்க ஆன்ட்டி" என்று நீட்டினாள். கிளிப்பச்சை நைலான், ஓரமெல்லாம் வெள்ளைப் பூ. பிரித்ததும் படபடவென்று சத்தம். புடவை என் முழங்கையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது, கையில் மயிர் எழுந்து நின்றது. உன் மகள் பயந்துபோனாள். எனக்குப் பயமில்லை. அந்தச் சத்தம் எனக்கு ஐம்பது வருடத்துக்கு முந்தைய பழக்கம்.

இதை நான் அழுதுகொண்டு எழுதவில்லை. ரிஜிஸ்டர் எழுதிப் பழகிய கை, நடந்ததை நடந்தபடி எழுதத்தான் அதற்கு வரும். ஒரு சமயம் மட்டும் அந்த ரிஜிஸ்டரில் தெரியாமல் பொய் எழுதினேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

திருவொற்றியூர் தாண்டி, எண்ணூர் போகிற சாலையில் இருந்தது நம் கம்பெனி. கால்குலேட்டர் செய்தோம். நீ ராயபுரத்தில் பஸ் ஏறி எனக்காகக் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வருவாய், நான் டோல்கேட்டில் ஏறுவேன். "குந்துடி சீக்கிரம், கண்டக்டர் பேஜார் பண்றான்" என்பாய். நீ பெஞ்சில் உட்கார்ந்து பாகங்களை ஈயம் வைத்துப் பொருத்துகிறவள். நான் அவற்றைச் சோதித்துப் பார்த்து, பிழைத்தது எது, செத்தது எது என்று எழுதுகிறவள். இரண்டு பேரும் தற்காலிகம். நிரந்தரமாக்கும் பட்டியலில் நம் இரண்டு பேர் பெயரும் இருந்தது. துறைமுகத்தில் கால் நசுங்கி உன் அப்பா வீட்டோடு இருந்தார். அந்த நிரந்தர ஆர்டர் வந்தால்தான் உன் குடும்பம் நிமிரும்.

கடல் காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடும் இடம் அது. பாகங்களின் கால்களில் பச்சை பூத்து, ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடியது. அதனால் நம் அறையை அடைத்து ஏ.சி. வைத்தார்கள். மூலையில், காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிற பீப்பாய் மாதிரி ஒரு யந்திரம். எவ்வளவு உறிஞ்ச வேண்டும் என்று பார்க்க, சுவரில் ஒரு பலகையில் இரண்டு தெர்மாமீட்டர். ஒன்று சும்மா தொங்கும். மற்றதன் அடியில் துணித்திரி சுற்றி, அதன் வால் ஒரு சின்னக் கிண்ணத்துத் தண்ணீரில் கிடக்கும். காற்று காய்ந்திருந்தால் ஈரத்திரி குளிர்ந்து இரண்டுக்கும் வித்தியாசம் காட்டும். இரண்டும் ஒரே அளவு காட்டினால் அறை முழுக்க ஈரம் என்று அர்த்தம். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுவதும், தினம் இரண்டு வேளை அளவு எழுதுவதும் என் வேலை. நான் எழுதியதைப் பார்த்துத்தான் யந்திரத்தைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. இரண்டு தெர்மாமீட்டரும் ஒரே அளவு காட்டின. வெளியே ஊரே நனைந்து கிடக்கும்போது எனக்கு ஏன் சந்தேகம் வரப்போகிறது? எழுதினேன். யந்திரத்தைக் கூட்டினார்கள். மறுநாளும் அதே அளவு. இன்னும் கூட்டினார்கள். நீதான் சொன்னாய்: "என் ஒதடு வெடிச்சிகினு கீது, தலமுடி பறக்குது. உன் நோட்டுல மட்டும் தண்ணி சொட்டுதா? இன்னாடி கணக்கு இது?" நான் சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் படித்தவள் இல்லையா நான்!

அந்த வாரத்தில்தான் உன் தட்டில் ஐ.சி.க்கள் சாக ஆரம்பித்தன. கால்குலேட்டருக்கு மூளை மாதிரி, வெளிநாட்டிலிருந்து கறுப்பு ஸ்பாஞ்சில் குத்தி வரும் சில்லுகள். மற்றவர்கள் பொருத்தினால் உயிரோடு இருந்தன. நீ தொட்டால் பத்துக்கு மூன்று, நான்கு செத்தன. மற்ற எல்லோரும் பருத்திப் புடவை. நீ மட்டும் கப்பலில் வேலை பார்த்த உன் மாமா கொண்டுவந்த நைலான், ஒரு நாள் பச்சை, ஒரு நாள் ரோஸ். கோடையிலும் அதைத்தான் கட்டினாய், அப்போது ஒன்றும் ஆகவில்லை. அதனால் புடவைமேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும்தான்.

சூப்பர்வைசர் உன் தட்டைத் தூக்கிக் காட்டி எல்லார் முன்னாலும் சொன்னார்: "இது கைராசி இல்லாத பொண்ணும்மா. தொட்டதெல்லாம் சாவுது." அன்று மத்தியானமே உன்னைப் பேக்கிங் ஷெட்டுக்கு அனுப்பினார்கள். பட்டியலிலிருந்து உன் பெயரை அடித்தார்கள். நீ அழவில்லை. ஈயம் வைக்கும் உன் சூட்டுக்கோலையும் இடுக்கியையும் துடைத்து வைத்துவிட்டுப் போனாய்.

அன்று மூன்று மணிக்கு அளவு எடுக்கப் போனபோது பென்சில் கீழே விழுந்தது. குனிந்தேன். பலகைக்குப் பின்னால் இருந்த கிண்ணத்தில் பொட்டுத் தண்ணீர் இல்லை, செத்த கொசு ஒன்று கிடந்தது. திரி கருவாடு மாதிரி விறைத்திருந்தது. திரி காய்ந்தால் இரண்டு தெர்மாமீட்டரும் ஒரே அளவுதானே காட்டும்! எத்தனை நாளாகத் தண்ணீர் ஊற்ற மறந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. யாரும் பார்க்காமல் ஊற்றினேன். சற்று நேரத்தில் அந்தத் தெர்மாமீட்டர் பத்து டிகிரி இறங்கியது. அறை பாலைவனமாக இருந்திருக்கிறது. யந்திரம் ஓட்டுகிறவரிடம், "ஈரம் குறைஞ்சிடுச்சு, நிறுத்துங்க" என்றேன், ஏதோ அப்போதுதான் குறைந்த மாதிரி.

மறுநாளிலிருந்து ஒன்றுகூடச் சாகவில்லை. சூப்பர்வைசருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, ஆள மாத்துனேன், எல்லாம் பொழச்சிகிச்சு!" என்று என்னிடமே வந்து சொன்னார். நான் தலையாட்டினேன்.

அந்த நாட்களிலும் நீ பஸ்ஸில் இடம் பிடித்தாய். ஒரு நாள் இரண்டு உள்ளங்கையையும் விரித்து என் மடியில் வைத்து, "நீயே பாத்து சொல்லு, என் கையில இன்னாதான் கீது?" என்று கேட்டாய். ஈயம் சுட்ட பழைய தழும்புகள்தான் இருந்தன. "ஒண்ணும் இல்லடி" என்றேன். அதைவிடப் பெரிய உண்மையும் கிடையாது, அதைவிடப் பெரிய கள்ளமும் கிடையாது.

நான்காம் நாள் காலை மானேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் இன்ஜினீயர், கத்தவில்லை. "காஞ்ச காத்து, ரெக்ஸின் நாற்காலி, நைலான் புடவை. உரச உரச உடம்புல கரண்ட் சேரும். ஈரம் இருந்தா தானா கசிஞ்சு போயிடும். இல்லன்னா விரல் வழியா ஐ.சி.க்குள்ள பாயும். அந்தப் பொண்ணை அதே புடவையில வரச் சொல்லு" என்றார்.

மறுநாள் இதே பச்சைப் புடவையில் உன் பழைய இடத்தில் உட்கார்ந்தாய். திரி நனைந்திருந்தது, யந்திரம் நின்றிருந்தது. ஒரு தட்டு முழுக்கப் பொருத்தினாய். நான் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். எல்லாம் பிழைத்தன. சூப்பர்வைசர் டீ குடிக்கப் போய்விட்டார். அடுத்த மாதம் எல்லார் மணிக்கட்டிலும் ஒரு செப்புப் பட்டை ஏறியது, அதிலிருந்து, சேர்கிற கரண்ட் இறங்கிப்போகத் தரைக்கு ஒரு கம்பி. எனக்கு ஓர் எச்சரிக்கை மெமோ. உனக்கு அடுத்த பட்டியல் வரை ஆறு மாதம் காத்திருப்பு. அந்த ஆறு மாதமும் உன் வீட்டில் எப்படி அடுப்பெரிந்தது என்று நான் கேட்கவில்லை. வெட்கம்.

தட்டை முடித்துவிட்டு நீ என் பெஞ்சுக்கு வந்தாய். கோபமாகக்கூட இல்லை. "நாலு நாளு இன்னாடி பண்ணிகினு இருந்த?" என்று மட்டும் கேட்டாய். நான் ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ திரும்பிப் போனாய். மறுநாள் பஸ்ஸில் கைக்குட்டை போட்டிருந்தாய். அதன்பின் உன் கல்யாணம், என் கல்யாணம், பிள்ளைகள், பென்ஷன். அந்தக் கேள்வியை நீ மறுபடி கேட்கவே இல்லை. அந்தப் புடவையையும் நீ மறுபடி கட்டி நான் பார்க்கவில்லை.

இப்போதும் வீட்டில் காலிக் கிண்ணம் கண்ணில் பட்டால் கை தானாகத் தண்ணீர் ஊற்றிவிடுகிறது. என் மருமகள் இதைக் கிண்டல் செய்கிறாள்.

உன் மகளிடம், "வேற எதாவது சொன்னாளா?" என்று கேட்டேன். "நீங்க என்னவோ ஒரு பதில் பாக்கி வெச்சிருக்கீங்களாம். 'அவ அத சொன்னாலும் பொடவைய குடு, சொல்லலன்னாலும் குடு'ன்னாங்க" என்றாள்.

புடவை என் மடியில்தான் இருக்கிறது. பதில் இதுதான். அந்த நாலு நாளும் நான் என் நிரந்தர ஆர்டருக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். தற்காலிகம் என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், கையில் ஆர்டர் இருப்பவளை மெமோவோடு விட்டுவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் சாயங்காலம் அது வந்தது. நான்காம் நாள் காலையில்தான் எனக்கு வாய் திறந்தது.