‘தூ’ என்றால் ரெண்டு பேர்

நேற்று காலை மழை விட்டபாடில்லை. நீ கொடுத்த நீலக் கோட்டு பெட்டிக்குள் கிடந்தது, எடுத்துப் போட்டுக்கொண்டேன். பையில் கையை விட்டால் விரலில் ஏதோ கட்டியாக இடித்தது. தாள் சுற்றிய சீனிக்கட்டி. தாளின் மேல் நீ வேலை பார்த்த ஊரின் மதில் வாசல் படம். ஓரம் நசுங்கிப் போயிருந்தது. உள்ளங்கையில் அதை வைத்துக்கொண்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

“என்ன, வரலையா?” என்று எங்க வீட்டுக்காரர், அதான் உன் அண்ணன், கதவடியில் நின்று கேட்டார்.

“வாரேன். ஒருத்திகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வாரேன்.”

யாரென்று அவருக்குத் தெரியும். அப்போது மனதுக்குள் பேசியதைத்தான் இப்போது எழுதுகிறேன். எழுத்து முன்னே பின்னே இருந்தால் நீ பார்த்துக்கொள். உன்னோடு ஒன்றாகப் பள்ளிக்கூடத்தை விட்டவள்தானே நான்.

தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசையில், அடுத்தடுத்த காம்பரா அறைகளில் பிறந்தோம். ஒரே மலையில் கொழுந்து எடுத்தோம். பிறகு நீ வீட்டு வேலைக்கென்று வெளிநாடு போனாய். வேலை பார்த்த குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய், கடைசியில் தினான் என்கிற அந்தப் பழைய ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் கோப்பை கழுவ நின்றுவிட்டாய். வயிற்றில் கட்டி என்று தெரிந்து, துணைக்கு ஆள் வேண்டுமென்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்ததால்தான் எனக்கு விசா கிடைத்தது. கஞ்சி காய்ச்சிக் கொடுத்து உன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். நீ என்னைக் கடை கடையாகக் கூட்டிக்கொண்டு போனாய்.

“கஞ்சி ஆஸ்பத்திரியில குடுப்பாங்க புள்ள. நீ வா, சாப்பிடப் போவோம்.”

அந்த ஊரை இப்போது நினைத்தாலும் கால் வலிக்கிறது. கீழே ஆறு, மேலே பழைய கோட்டை மதில், நடுவில் கருங்கல் பதித்த ஒரே ஏற்றம். நம்ம மலை ஏறின காலுக்கே மூச்சு வாங்கியது. இரண்டு பக்கமும் மரச்சட்டம் வைத்துக் கட்டின வீடுகள், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு. எல்லாவற்றிலும் கீழ்த்தட்டு சாப்பாட்டுக் கடை. இடிந்து விழாதா என்று கேட்டேன்.

“நம்ம லயத்த விடப் பழசு புள்ள. பழச வச்சிக்கிட்டு நம்ம வெக்கப்படுறோம். இவங்க அதுக்கு முன்னால மேசை போட்டுச் சாப்பிடுறாங்க.”

முதல் கடை ஞாபகம் இருக்கிறதா? ஆற்றங்கரையில், மட்டி அவித்துக் கொடுக்கிற கடை. உள்ளே மேசைகள் காலியாகக் கிடந்தன. ஆனாலும் வாசலில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் கையில் தாளோடு வந்து ஒவ்வொருவராகப் பார்த்தான். காலையில் பேர் கூப்பிட்டு, இன்றைக்கு வேலை உண்டா இல்லையா என்று பிரிக்கிற தோட்டத்துப் பெரட்டுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக நின்றேன். அவன் எங்கள் முன்னால் வந்து, சிரித்த முகத்தோடு, “தூ?” என்றான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்.

“வா போவோம். மூஞ்சிக்கு நேரா துப்புறான்,” என்று உன் கையைப் பிடித்து இழுத்தேன்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு நீ சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “அடிப்பாவி, இவங்க பாஷையில தூன்னா ரெண்டு. ரெண்டு பேரான்னு கேக்குறான். இது பெரட்டு இல்ல மல்லிகா. இங்க நிக்கிறது உட்காரத்தான்.”

அன்றிலிருந்து ஒவ்வொரு கடை வாசலிலும் இரண்டு விரலைத் தூக்கிக்கொண்டு நான்தான் “தூ” என்று முந்திக்கொள்வேன். சந்தைப் பக்கத்துக் கடையில் வெங்காயச் சூப். மதில் ஓரத்துக் கடையில் ஆப்பிள் வைத்துச் சுட்ட பணியாரம். எதைச் சாப்பிட்டாலும் நீ பையிலிருந்து உறைப்பான கட்டா சம்பல் போத்தலை எடுத்து மேசைக்குக் கீழேயே திறப்பாய். ஆனால் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் சிவப்புக் கதவு போட்ட கடை வந்தால் மட்டும் எதிர்ப்பக்கமாக நடப்பாய். அதுதான் நீ வேலை பார்த்த கடை.

“எத்தனையோ வருசமா அங்க நிக்கிறேன். சந்துக்குள்ள இருக்கிற கதவு மட்டுந்தான் தெரியும். சாப்பிடுற எடம் எப்படி இருக்குன்னு பாத்ததில்ல,” என்று ஒருநாள் சொன்னாய். பிறகு, “ஆபரேசனுக்கு முன்னால ஒருதரம் முன்வாசலால போகணும் புள்ள,” என்றாய். அதைச் சொல்லும்போது நீ சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் போனோம். நீ அரக்குச் சேலை கட்டினாய். சிவப்புக் கதவைத் திறந்ததும் பரிமாறுகிற பையன் உன்னை அடையாளம் கண்டுகொண்டான். வேலைக்கு வந்தாய் என்று நினைத்து, சிரித்தபடி சந்துப் பக்கம் கையைக் காட்டினான். கெட்ட எண்ணம் இல்லை, பழக்கம். ஆனால் உன் கால் அந்தப் பக்கம் திரும்பப் பார்த்ததை நான் கண்டேன். சேலை மடிப்பு அசைந்தது. நீ திரும்பிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. உன் முழங்கையைத் தொட்டேன், அவ்வளவுதான்.

நீ நிமிர்ந்து இரண்டு விரலைத் தூக்கினாய். “தூ.”

அந்தப் பையன் உன் சேலையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். காது சிவந்துபோய், சாப்பாட்டு அட்டை இரண்டை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். ஜன்னலோரத்தில் உனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். நீ உட்கார்ந்தாய். ஆடாமல் அசையாமல், மாலை போட்ட பொண்ணு மாதிரி உட்கார்ந்தாய்.

கறுப்பு மாவில் சுட்டு, நடுவில் முட்டை உடைத்து ஊற்றின தோசை வந்தது. நம்ம குரக்கன் மாவுத் தோசை மாதிரியே இருந்தது. குசினிக் கதவின் வட்டக் கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது, உன்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்துத் தம்பி. கொஞ்ச நேரத்தில் அவன் ஏப்ரனோடு வெளியே வந்து, “அக்கா, நீங்கள் இல்லாமல் அங்க கோப்பை மலை மாதிரிக் குவிஞ்சு கிடக்கு,” என்றான்.

நீ பீங்கான் தட்டைத் தூக்கி அடிப்பக்கம் திருப்பிப் பார்த்தாய். “தெரியுது தம்பி. இத யாரு கழுவினது? நாளைக்குப் பெரட்டுல அவன் பேர வெட்டு.”

கடைசியில் பால் விடாத பிளேன்டீ கேட்டோம். சீனிக்கட்டி தாளில் சுற்றி வந்தது. கோப்பையில் போடுவது மறந்து, நான் நம்ம பழக்கத்தில் உள்ளங்கையில் வைத்து ஒரு நக்கு, ஒரு மடக்கு என்று குடித்தேன். நீயும் அப்படியே குடித்தாய். பிரிக்காமல் மிச்சம் இருந்த கட்டியை என் கோட்டுப் பைக்குள் போட்டு, “வழிக்கு வச்சிக்க,” என்றாய்.

ஆபரேசனுக்குப் பிறகு நீ எழுந்து நடந்தாய். அந்தத் தைரியத்தில்தான் விசா முடிந்ததும் நான் திரும்பி வந்தேன். பிறகு ஒருநாள் அந்தத் தம்பி எனக்குப் போன் எடுத்தான். “அக்கா போயிட்டா அக்கா,” என்றான். உன்னை எரித்த இடத்தில் நான் இல்லை. ஆனால் அந்த ஜன்னலோரத்தில் இருந்தேன்.

நேற்று எங்கே புறப்பட்டோம் என்று சொல்லவில்லையே. நம்ம தோட்டத்துப் பழைய துரை பங்களா இப்போது வெளிநாட்டு ஆட்கள் தங்குகிற ஹோட்டல். கொழும்பில் இருக்கிற மகள் எங்கள் ரெண்டு பேருக்கும் அங்கே பகல் சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்திருந்தாள். உன் அண்ணன் அந்தப் பங்களாவில் பூமரம் பார்த்தவர். கேட்டைத் தாண்டியதும் அவர் கால் தன்பாட்டில் பின்பக்கம் திரும்பியது.

“அந்தப் பக்கம் எங்க போறீங்க?”

“குசினிப் பக்கமா போயிருவோம். முன்னால போனா நாய அவுத்து விடுவாங்க.”

“நாய் வச்சிருந்த தொரையே போய்ச் சேர்ந்துட்டாரு. வாங்க.”

வராந்தாவில் தொப்பியைக் கழற்றி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். “இது பெரட்டு இல்லீங்க. இங்க நிக்கிறது உட்காரத்தான்,” என்றேன். வாய் என்னுடையது, வார்த்தை உன்னுடையது.

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, ரெண்டு பேரா என்று சிங்களத்தில் கேட்டாள். என் விரல் தானாக எழும்பியது. “தூ,” என்றேன்.

“ஏன் புள்ள, நல்ல எடத்துல வந்து துப்புற?” என்று அவர் பதறிப்போனார்.

நீ போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். அந்தப் பெண்ணுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தேன். ரோஜாப் பாத்தியைப் பார்த்த மாதிரி ஒரு மேசையில் உட்கார வைத்தாள். அவர் வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக, “நான் நட்ட செடி. இந்தப் பக்கமிருந்து பாத்ததே இல்ல,” என்றார்.

சாப்பிட்டு முடித்துப் பிளேன்டீ குடித்தோம், உள்ளங்கையில் சீனி வைத்து. அது அவர்கள் கொடுத்த சீனி. நீ கொடுத்த கட்டி கோட்டுப் பைக்குள்ளேயே இருக்கிறது, நான் கரைக்கவில்லை. இனி எந்த வாசலில் நிற்க வேண்டி வந்தாலும் கையை விட்டால் விரலில் இடிக்கும். என் கால் பின்பக்கம் திரும்பாது.