படம் இல்லாத செய்தி

வியாழக்கிழமை, இரவு.

துணிக்கடையில் என்னோடு வேலை செய்யும் மும்தாஜ் அக்காவின் போனை இன்று கேட்காமலே எடுத்து, அவர் படிக்கும் செய்தி ஆப்பை நீக்கிவிட்டு என்னுடையதைப் போட்டுக் கொடுத்தேன். பெரிய பெரிய படங்கள், தானாக ஓடும் வீடியோ.

"எனக்கு வெறும் எழுத்தே போதும்மா."

"இன்னாக்கா, இன்னும் பழைய காலத்துலயே இருக்கீங்க!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அதில் பெருமை வேறு.

சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் மெதுவாகச் சொன்னார். "எங்க வூட்டுக்காரர் தியாகதுருகம் ரோட்டுல அடிபட்டுச் செத்துக் கெடந்த படத்த இந்த மாதிரி ஆப்புலதான் மொதல்ல பாத்தேன். யாரும் போன் பண்றதுக்கு முன்னாடியே."

பழையதையே போட்டுத் தருகிறேன் என்று கையை நீட்டினேன்.

"மத்தியானமே போட்டுக்கினேன்" என்றார். போனைத் தரவில்லை.

மன்னிப்புக் கேட்பதற்குள் இறங்கிவிட்டார். இல்லை, பொய். கேட்க நேரம் இருந்தது.